பிளாஸ்மிட் தன்னைத் தானே எண்ணும் கணக்கு

ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரமே உங்கள் கைக்கு ஒரு பிளாஸ்மிட் வந்துவிடும். பெரும்பாலும் பியுசி வகை, இல்லையென்றால் அதன் உறவுக்காரர் யாராவது. ஈ. கோலைக்குள் ஏற்றி, இரவு முழுக்கக் குலுக்கி வளர்த்து, காலையில் மினிபிரெப் செய்து, ஜெல்லில் ஓட்டி, "பேண்ட் வந்துடுச்சு சார்" என்று வந்து நிற்பீர்கள். எவ்வளவு என்று கேட்டால் நானோடிராப் காட்டிய எண்ணைச் சொல்வீர்கள். ஏன் அவ்வளவு என்று கேட்டால், "ஹை காப்பி பிளாஸ்மிட்தானே சார்!" அந்தப் பதிலுக்குப் பின்னால் 108 எழுத்து நீளமே உள்ள ஓர் ஆர்என்ஏ உட்கார்ந்திருக்கிறது. வகுப்பில் அதைப் பத்து நிமிடத்தில் தாண்டிவிடுகிறோம். அது போதாது என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது எழுதியும் வைக்கிறேன்.

1. எண்ணிக்கை நிலையாக இருப்பதைப் பார்த்து முதலில் ஆச்சரியப்படப் பழகுங்கள்.

கோல்இ1 என்ற பிளாஸ்மிட் ஈ. கோலை செல் ஒன்றுக்கு 15 முதல் 20 வரை இருக்கும். ஆர்1 என்ற பிளாஸ்மிட் ஒன்றிரண்டுதான். தலைமுறை தலைமுறையாக இந்த எண்ணிக்கை அதே அளவில் நிற்கிறது. குறைந்தால் செல் பிளக்கும்போது ஒரு மகள் செல் வெறுங்கையோடு போகும். கூடினால் செல் அந்தச் சுமையைத் தாங்காமல் மெதுவாக வளரும், பக்கத்தில் இருப்பவை அதை முந்திவிடும். நடுவில் ஏதோ ஒன்று இதை எண்ணிக்கொண்டே இருக்கிறது.

எது எண்ணுகிறது என்பதற்கு 1963இல் ஜாகோப், பிரென்னர், கூசின் மூவரும் ஒரு கருத்து சொன்னார்கள்: இரட்டிப்பைத் தொடங்கிவைக்கும் பொருள் ஒன்று உண்டு, அதுதான் ஆட்டுவிக்கிறது. 1969இல் பிரிட்சர்டும் உடன் பணியாற்றியவர்களும் நேர் எதிராகச் சொன்னார்கள்: தொடங்கிவைப்பது அல்ல, தடுப்பதுதான் முக்கியம். பிளாஸ்மிட்டே தன் தடுப்பானை உண்டாக்குகிறது, செல் வளர வளரத் தடுப்பான் நீர்த்துப்போகிறது, நீர்த்ததும் இரட்டிப்புக்கு வழி பிறக்கிறது. அப்போது அந்தத் தடுப்பான் எது என்று யாருக்கும் தெரியாது. புரதமாக இருக்கும் என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

2. படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்யாதீர்கள். பென்சில் எடுத்து நீங்களே வரையுங்கள்.

ஒரு நேர்கோடு போடுங்கள். வலது ஓரத்தில் ஒரு புள்ளி. அதுதான் இரட்டிப்பு தொடங்கும் இடம். அங்கிருந்து இடப்பக்கம் 555 எழுத்து தள்ளி ஓர் அம்புக்குறி, வலப்பக்கம் நோக்கி. அங்கே ஆர்என்ஏ-2 படியெடுக்கத் தொடங்குகிறது. இனி புள்ளியிலிருந்து 445 எழுத்து தள்ளி இன்னோர் அம்புக்குறி, இது இடப்பக்கம் நோக்கி, எதிர் இழையிலிருந்து. அது ஆர்என்ஏ-1. 108 எழுத்து ஓடி, ஆர்என்ஏ-2 பிறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வந்து முடிகிறது. ஆக, ஆர்என்ஏ-2வின் முதல் நூற்றுச்சொச்ச எழுத்துகளும் ஆர்என்ஏ-1ம் ஒன்றுக்கொன்று அச்சு அசலான எதிர்ப்பொருத்தம். ஆன்டிசென்ஸ் என்று சொல்வது இதைத்தான். தனியாக ஒரு மரபணு தேடி அலைய வேண்டாம். அதே இடம், எதிர்த் திசை.

இனி ஆர்என்ஏ-2 என்ன செய்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அது எந்தப் புரதத்துக்கும் குறியீடு அல்ல, ரைபோசோம் அதைப் படிப்பதும் இல்லை. தொடக்கப் புள்ளியை நெருங்கும்போது அது தன் டிஎன்ஏ அச்சை விட்டுப் பிரியாமல் ஒட்டிக்கொள்கிறது. ஆர்என்ஏவும் டிஎன்ஏவும் சேர்ந்த அந்த ஒட்டுக்குள் ஆர்என்ஏஸ் எச் என்ற நொதி புகுந்து ஆர்என்ஏவை வெட்டுகிறது. வெட்டிய முனையிலிருந்து டிஎன்ஏ பாலிமரேஸ்-1 புது இழையைப் பின்னத் தொடங்குகிறது. ஆர்என்ஏ-2 என்பது ஒரு பிரைமர், அவ்வளவுதான். 1980இல் இட்டோவும் டோமிசாவாவும் இதைச் சோதனைக் குழாயில் செய்து காட்டினார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த வேலையில் பிளாஸ்மிட்டின் சொந்தப் புரதம் ஒன்றுகூட அவசியமில்லை. எல்லாம் செல்லின் சரக்கு. அதனால்தான் குளோராம்பெனிகால் போட்டுப் புரத உற்பத்தியை நிறுத்தினாலும் கோல்இ1 பெருகிக்கொண்டே போகும். செல்லுக்கு ஆயிரக்கணக்கில் சேரும். 1972இல் கிளெவெல் காட்டியது அது. பழைய ஆய்வக நோட்டுகளில் 'குளோராம்பெனிகால் பெருக்கம்' என்று ஒரு படி இருந்தால் காரணம் இதுதான். டிஎன்ஏ பாலிமரேஸ்-1 பழுதான போல்ஏ வகைச் செல்லில் கோல்இ1 தங்காது என்பதற்கும் காரணம் இதே படத்தில் இருக்கிறது.

3. ஆர்என்ஏ-1 என்ன செய்யவில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆன்டிசென்ஸ் என்று கேட்டதும், எதிர் ஆர்என்ஏவை அழித்துவிடும், இல்லையென்றால் புரதம் உண்டாவதைத் தடுக்கும் என்று வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறீர்கள். இங்கே இரண்டும் இல்லை. ஆர்என்ஏ-1 வந்து ஒட்டினாலும் ஆர்என்ஏ-2வைப் படியெடுப்பது நிற்பதில்லை; பாலிமரேஸ் பாட்டுக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும். மாறுவது ஆர்என்ஏ-2 மடங்கும் விதம். முன்பகுதி ஆர்என்ஏ-1ஓடு பின்னிக்கொண்டுவிட்டால், பின்பகுதி வேறு மாதிரி மடங்குகிறது. அப்படி மடங்கிய ஆர்என்ஏ-2வால் தொடக்கப் புள்ளியில் டிஎன்ஏவோடு ஒட்டி நிற்க முடியாது. ஒட்டு இல்லையென்றால் ஆர்என்ஏஸ் எச்சுக்கு வேலை இல்லை, பிரைமர் இல்லை, அந்த முறை இரட்டிப்பும் இல்லை.

இதற்கு ஒரு கால வரம்பு உண்டு. ஆர்என்ஏ-2 ஏறக்குறைய 360 எழுத்து நீளம் வளர்வதற்குள் ஆர்என்ஏ-1 பிடித்தாக வேண்டும். அதற்குப் பிறகு பிடித்தாலும் பயன் இல்லை, மடிப்பு ஏற்கெனவே முடிவாகிவிட்டது. செல்லுக்குள் ஆர்என்ஏ பாலிமரேஸ் விநாடிக்கு நாற்பது, ஐம்பது எழுத்து ஓடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளாஸ்மிட் இரட்டிக்கலாமா வேண்டாமா என்ற முடிவு, ஒவ்வொரு முறையும், எட்டொன்பது விநாடிக்குள் எடுக்கப்படுகிறது. ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம்.

4. எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதோடு நிற்காதீர்கள். எவ்வளவு வேகத்தில் அழிகிறது என்றும் கேளுங்கள்.

எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இது. ஆர்என்ஏ-1 தடுப்பான் என்றால், அது நிலையாக, அழியாமல் இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். மாணவர்களைக் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அதன் அரை ஆயுள் ஏறக்குறைய இரண்டே நிமிடம். வலுவான புரமோட்டரிலிருந்து ஓயாமல் உண்டாகிறது, உண்டான வேகத்தில் அழிகிறது. இவ்வளவு வீண்செலவு எதற்கு?

ஒரு கிராமத்தில் இப்போது எத்தனை அடுப்பு எரிகிறது என்று தூரத்திலிருந்து புகையை வைத்துச் சொல்லலாம். ஆனால் புகை உடனுக்குடன் கலைந்தால்தான் அந்தக் கணக்கு சரிவரும். காலையில் எழுந்த புகை சாயங்காலம் வரை அப்படியே நின்றால், அணைந்த அடுப்பையும் சேர்த்து எண்ணிவிடுவோம். ஆர்என்ஏ-1 சீக்கிரம் அழிவதால்தான் அதன் அளவு எப்போதும் இந்த நிமிடத்தில் செல்லுக்குள் எத்தனை பிளாஸ்மிட் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. செல் பிளந்து ஒரு மகளுக்கு ஐந்தே பிளாஸ்மிட் போய்ச் சேர்ந்தால், சில நிமிடங்களில் ஆர்என்ஏ-1ம் அதற்கேற்ப இறங்கும், ஆர்என்ஏ-2க்குத் தப்பிக்கும் வாய்ப்பு கூடும், எண்ணிக்கை மேலேறும். தடுப்பான் பழையது தேங்கி நின்றால், செல்லில் பிளாஸ்மிட் குறைந்துபோனது தெரிவதற்குள் அடுத்த தடவை செல் பிளந்துவிடும்.

அழிப்பவர் யார் என்பதும் தெரிந்திருக்கட்டும். ஆர்என்ஏஸ் இ என்ற நொதி ஆர்என்ஏ-1இன் முன்முனையில் ஐந்து எழுத்தை வெட்டி எறிகிறது. அதன்பின் மிச்சம் சீக்கிரம் கரைகிறது. 1991இல் லின்-சாவும் ஸ்டான்லி கோஹனும் இந்த அழிவு வேகமே பிளாஸ்மிட் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது என்று காட்டினார்கள். பின்முனையில் ஏ எழுத்துகளை வாலாகச் சேர்க்கும் பாலிமரேஸ் ஒன்றும் இதில் கூட்டு. அதன் மரபணுவுக்குப் பிசிஎன்பி என்று பெயர், 'பிளாஸ்மிட் எண்ணிக்கை' என்பதன் சுருக்கம். கோல்இ1 வகைப் பிளாஸ்மிட் குறைந்துபோன செல்களைத் தேடியபோது 1986இல் அகப்பட்டது. அது வால் சேர்க்கும் நொதி என்பது 1992இல்தான் தெரிந்தது. அந்த நொதி பழுதானால் ஐந்தெழுத்து இழந்த ஆர்என்ஏ-1 அழியாமல் தேங்குகிறது, பிளாஸ்மிட் சரிகிறது. மனித செல்லில் ஏ வால் ஆர்என்ஏவைக் காப்பாற்றும் என்று படித்திருப்பீர்கள். பாக்டீரியாவில் அதே வால் சாவுச் சீட்டு. பாடப்புத்தக வாக்கியத்தை எல்லா உயிருக்கும் பொதுவாக்கிவிடாதீர்கள்.

5. இரண்டு ஆர்என்ஏ சந்திப்பதை மெதுவாக, கட்டம் கட்டமாக மனதில் ஓட்டிப் பாருங்கள்.

108 எழுத்தும் ஒரே நேரத்தில் ஒட்டுவதாக நினைத்துக்கொள்கிறீர்கள். முடியாது. ஆர்என்ஏ-1 தனக்குள்ளேயே மடங்கி மூன்று தண்டுகளாக நிற்கிறது, ஒவ்வொரு தண்டின் நுனியிலும் ஒரு சின்ன வளையம். ஆர்என்ஏ-2வின் முன்பகுதியிலும் அதற்கு நேரான மூன்று தண்டு, மூன்று வளையம். தண்டுக்குள் இருக்கும் எழுத்துகள் ஏற்கெனவே ஜோடி சேர்ந்துவிட்டவை, வெளியாரோடு பேசாது. திறந்திருப்பது வளையத்தில் உள்ள ஏழெட்டு எழுத்துதான். முதலில் வளையமும் வளையமும் தொட்டுக்கொள்கின்றன. ஆய்வாளர்கள் இதற்கு முத்தம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தக் கட்டத்தில் பிரிந்துபோகவும் முடியும். அதன் பிறகு ஆர்என்ஏ-1இன் தளர்ந்த முன்முனை ஆர்என்ஏ-2வோடு ஜோடி சேரத் தொடங்குகிறது, தண்டுகள் ஒவ்வொன்றாக அவிழ்கின்றன, கடைசியில் முழு நீளமும் இரட்டை இழையாகிவிடுகிறது. அதன்பின் பிரிவு இல்லை.

அழிவுக்கு வழிகாட்டும் அந்த முன்முனை ஐந்தெழுத்துதான் முழுப் பின்னலைத் தொடங்கிவைப்பதிலும் பங்கெடுக்கிறது. அதை வெட்டிவிட்டால் ஆயுளும் போகிறது, வேலையும் தளர்கிறது.

இதிலிருந்து ஒரு வேலைக் குறிப்பு. இந்த ஜோடியைப் பற்றிப் பேசும்போது சமநிலை மாறிலி, பிணைப்பு வலிமை என்று அளக்க ஓடாதீர்கள். முழுதாகப் பின்னிக்கொண்ட பின் பிரிவே இல்லாத ஒன்றுக்குச் சமநிலை எங்கிருந்து வரும்? அளக்க வேண்டியது சந்திக்கும் வேகம். அது மோலாருக்கு, விநாடிக்கு ஏறத்தாழ பத்து லட்சம் என்ற அளவில் இருக்கிறது. ஆர்1 பிளாஸ்மிட்டிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். வளையத்தில் ஓர் எழுத்து மாறி இந்த வேகம் குறையும்போது பிளாஸ்மிட் எண்ணிக்கை கூடுகிறது. எட்டொன்பது விநாடிப் பந்தயத்தில் ஜெயிப்பவர் வலிமையானவர் அல்ல, முதலில் வந்து சேர்பவர்.

6. ரோப் புரதத்துக்கு உரிய மரியாதை கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

ரோப் 63 அமினோ அமிலமே உள்ள குட்டிப் புரதம். இரண்டு சேர்ந்து, நான்கு சுருள் கொண்ட ஒரு கட்டாக நிற்கும். முத்த நிலையில் இருக்கும் இரு ஆர்என்ஏக்களும் பிரிந்துவிடாமல் பிடித்துக்கொடுக்கிறது. இருந்தால் ஆர்என்ஏ-1 கூடுதல் வெற்றி பெறும். இல்லையென்றால் எண்ணிக்கை சற்று ஏறும். ஆனால் ரோப் இல்லாமலும் கட்டுப்பாடு நடக்கும். கட்டுப்படுத்துவது ஆர்என்ஏ. புரதம் கூடமாட உதவி செய்கிறது, அவ்வளவே. தேர்வில் தலைகீழாக எழுதுகிறவர்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

7. இரண்டு பிளாஸ்மிட்டை ஒரே செல்லில் ஏற்றுவதற்கு முன், இரண்டின் தொடக்கப் புள்ளி எது என்று பாருங்கள்.

ஆம்பிசிலின் தடுப்பு உள்ளது ஒன்று, கானமைசின் தடுப்பு உள்ளது ஒன்று. இரண்டையும் ஏற்றி, இரண்டு மருந்தும் கலந்த தட்டில் பரப்பினால் காலனி வரும். வந்ததும் "இரண்டும் சேர்ந்திருக்கின்றன சார்" என்று சந்தோஷப்படுவீர்கள். வரைபடத்தைப் பார்த்தால் இரண்டிலும் பிபிஆர்322 தொடக்கம். பிஇடி வரிசையில் பெரும்பாலும் அந்தத் தொடக்கம்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

நம்பாதவர்கள் செய்து பார்க்கலாம், ஒரு வார வேலை. அந்தக் காலனியை மருந்து இல்லாத எல்பியில் போட்டு, தினமும் காலையில் கொஞ்சம் எடுத்துப் புது எல்பிக்கு மாற்றுங்கள். சில நாள் கழித்து மருந்தில்லாத தட்டில் தனித்தனிக் காலனியாக வரும்படி பரப்புங்கள். மறுநாள், பல்குத்தும் குச்சியை ஆட்டோகிளேவ் செய்து, ஒவ்வொரு காலனியையும் தொட்டு, முதலில் ஆம்பிசிலின் தட்டில் ஒரு புள்ளி, பிறகு கானமைசின் தட்டில் அதே கட்டத்தில் ஒரு புள்ளி. தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கே வளர்ந்த கட்டம் அங்கே காலி, அங்கே வளர்ந்தது இங்கே காலி என்று கலைந்து கிடக்கும். இரண்டிலும் வளர்ந்தவை நாளுக்கு நாள் குறையும்.

ஏன்? இரண்டு பிளாஸ்மிட்டும் ஒரே ஆர்என்ஏ-1ஐ உண்டாக்குகின்றன. அந்த ஆர்என்ஏ-1க்கு இது யாருடைய ஆர்என்ஏ-2 என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. மொத்தத்தை மட்டும் எண்ணும். மொத்தம் இருபது என்றால் இருபது, அதில் எவை எத்தனை என்பது தற்செயல். ஒருமுறை பதிமூன்றுக்கு ஏழு ஆனால், அந்தச் சாய்வைச் சரிசெய்ய ஆள் இல்லை. அடுத்த தலைமுறை அதிலிருந்தே தொடங்கும். சாய்ந்து சாய்ந்து ஒரு கட்டத்தில் ஒன்று காணாமல் போகும். இரண்டு மருந்தையும் விடாமல் கொடுத்தால் இரண்டும் தங்கும்தான், ஆனால் சமமாகத் தங்கும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. இரண்டு புரதத்தை ஒரே அளவில் எதிர்பார்த்து அதன்மேல் ஓர் ஆய்வேட்டையே கட்டிவிடாதீர்கள்.

வழி இருக்கிறது. பி15ஏ தொடக்கம் உள்ளதைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1978இல் சாங்கும் கோஹனும் கட்டிய பிஏசிஒய்சி184 அந்த வகை. வேடிக்கை என்னவென்றால் பி15ஏவிலும் இதே ஆர்என்ஏ-1, ஆர்என்ஏ-2 ஏற்பாடுதான். வளையங்களின் எழுத்துகள் வேறு. அதனால் ஒன்றின் தடுப்பான் மற்றதைக் கண்டுகொள்வதில்லை.

இதைக் கொஞ்சம் அசைபோடுங்கள். ஆர்என்ஏ-1ம் ஆர்என்ஏ-2ம் ஒரே டிஎன்ஏவின் இரு இழைகளிலிருந்து வருகின்றன. வளையத்தில் ஓர் எழுத்து மாறினால் இரண்டிலும் சேர்ந்தே மாறும். அவை தங்களுக்குள் அப்போதும் பொருந்தும். ஆனால் பழைய பிளாஸ்மிட்டின் ஆர்என்ஏவோடு பொருத்தம் கெட்டுவிடும். ஒரே எழுத்தில், பழையதோடு ஒரே செல்லில் குடியிருக்கக்கூடிய புது பிளாஸ்மிட் பிறந்துவிடுகிறது. ஒரு புரதத் தடுப்பானில் இப்படி நடக்க, புரதமும் அது உட்காரும் இடமும் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று ஏற்றபடி மாற வேண்டியிருக்கும். 1981இல் டோமிசாவாவும் இட்டோவும், அதே வருடம் லாகடேனாவும் செசரேனியும் இப்படிப்பட்ட திடீர்மாற்றங்களை வைத்துத்தான் இது ஆர்என்ஏக்கும் ஆர்என்ஏக்கும் நடக்கும் விவகாரம் என்று நிறுவினார்கள்.

8. பியுசியை ஒரு விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது ஒரு விபத்து.

1977இல் பொலிவாரும் ரோட்ரிகெஸும் ஹெர்பர்ட் போயரின் ஆய்வகத்தில் கட்டிய பிபிஆர்322வின் நீளம் 4361 எழுத்து. அதில் ரோப் இருக்கிறது, எண்ணிக்கை 15, 20 என்று அடக்கமாக இருக்கும். அதிலிருந்து வந்த பியுசி19இன் நீளம் 2686. சுருக்கும்போது ரோப் போய்விட்டது. கூடவே, யாரும் திட்டமிடாமல், ஆர்என்ஏ-1 தொடங்கும் இடத்துக்கு ஓரெழுத்து தள்ளி, ஆர்என்ஏ-2வில் ஒரு ஜி, ஏ ஆகிவிட்டது. வளையத்தில் அல்ல, பக்கத்தில்தான். ஆனால் வெப்பம் ஏறும்போது ஆர்என்ஏ-2வின் மடிப்பை அது குலைக்கிறது, ஆர்என்ஏ-1க்குப் பிடி கிடைப்பதில்லை. விளைவு, கையேடுகளில் நீங்கள் பார்க்கும் 500, 700. ரோப்பைத் திரும்பக் கொடுத்தால் இந்தக் குறை சரியாகிவிடுகிறது. 1992இல் வெளியான கட்டுரை ஒன்றில்தான் இந்தக் கதை முழுதாகத் தெளிந்தது. அதற்குள் உலகமே பியுசியைப் பத்து வருடம் பயன்படுத்தி முடித்திருந்தது.

இதில் உங்களுக்கு லாபம் இருக்கிறது. இந்தக் கோளாறு 30 டிகிரியில் பெரிதாக வெளிப்படாது. செல்லுக்கு நஞ்சான ஒரு மரபணுவைப் பியுசியில் ஏற்றிவிட்டு, காலனி ஊசிமுனை அளவில் வருகிறது, வரிசையைப் படித்தால் எல்லாம் திடீர்மாற்றம் என்று அழுவதற்கு முன், 30 டிகிரியில் வளர்த்துப் பாருங்கள். எண்ணிக்கை இறங்கும், நஞ்சும் குறையும். அதேபோல, கோடையில் ஏசி ஓடாத அறையில் குலுக்கி 40ஐத் தாண்டிவிட்டது, மினிபிரெப்பில் டிஎன்ஏ கொட்டுகிறது என்றால் அதிர்ஷ்டம் என்று நினைக்க வேண்டாம்.

500, 700 என்பதையும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெப்பம், ஊடகம், செல்வகை, செருகிய துண்டின் நீளம், வளர்ச்சியின் எந்தக் கட்டத்தில் எடுத்தீர்கள் என்பது எல்லாமே அதை மாற்றும்.

9. கோல்இ1ஐப் படித்துவிட்டு எல்லா பிளாஸ்மிட்டும் இப்படித்தான் என்று சொல்லாதீர்கள்.

ஆர்1 பிளாஸ்மிட் இரட்டிக்க அதன் சொந்தப் புரதம் ரெப்ஏ வேண்டும். ரெப்ஏவுக்கான ஆர்என்ஏவின் முன்பகுதியில் காப்டி என்ற இடம். அதற்கு எதிர்ப்பொருத்தமாகக் காப்ஏ என்ற ஆர்என்ஏ, ஏறக்குறைய 90 எழுத்து. காப்ஏ உட்கார்ந்தால், ரெப்ஏவுக்கு முன்னால் இருக்கும் டாப் என்ற குட்டிப் பகுதியை ரைபோசோம் படிக்க முடியாது. டாப்பைப் படிக்காமல் ரெப்ஏவைப் படிக்க முடியாது. இங்கே தடுப்பது புரதம் உண்டாவதை. ஆர்1இன் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதில் ஆர்என்ஏவுக்குப் பங்கு உண்டு என்று நார்ட்ஸ்ட்ராமும் மோலினும் சக ஆய்வாளர்களும் 1981இலேயே சொன்னார்கள். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸில் உள்ள பிடி181 பிளாஸ்மிட்டில் வேறு வழி: ஆன்டிசென்ஸ் ஒட்டினால் ரெப்சி புரதத்துக்கான ஆர்என்ஏ பாதியிலேயே முடிந்துபோகிறது. பிஎஸ்சி101இல் ஆன்டிசென்ஸே கிடையாது. அங்கே திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ வரிசைகளும் அவற்றில் உட்காரும் புரதமும் எண்ணுகின்றன.

ஆர்1இலேயே இன்னோர் ஆன்டிசென்ஸ் ஜோடி உண்டு, ஹாக், சாக். ஹாக் ஒரு நஞ்சு, அதன் ஆர்என்ஏ நீண்ட ஆயுள். சாக் அதைத் தடுக்கும் ஆன்டிசென்ஸ், ஆயுள் குறைவு. பிளாஸ்மிட் இல்லாமல் பிறந்த மகள் செல்லில் இரண்டும் மிச்சம் இருக்கும். சாக் முதலில் அழியும், ஹாக் விழித்துக்கொள்ளும், செல் சாகும். மறுபடியும் எல்லாமே அழிவு வேகத்தின் கணக்கு.

10. பழைய கட்டுரைகளைப் படியுங்கள்.

டோமிசாவா அமெரிக்காவின் பெதஸ்டாவில் இருந்தபோது செய்த வேலைகள் அவை. பின்னாளில் ஜப்பான் திரும்பி மிஷிமாவில் உள்ள தேசிய மரபியல் நிறுவனத்தின் இயக்குநரானார். 1980இலிருந்து 1986 வரையிலான கட்டுரைகளை வரிசையாக எடுத்து, முதலில் படங்களை மட்டும் பாருங்கள். கதிரியக்கப் பாஸ்பரஸ், அக்ரிலமைடு ஜெல், சுத்தம் செய்த நான்கைந்து நொதி, அவ்வளவுதான் கருவி. மைக்ரோஆர்என்ஏ என்ற சொல் யாருடைய கண்ணிலும் படாத காலம். புழுவில் லின்-4 கண்டது 1993இல். கருவி இல்லை என்று அலுத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இதைத்தான் கொடுக்கிறேன்.

11. எண்ணிக்கையை அளப்பதாக இருந்தால் ஒழுங்காக அளங்கள்.

மினிபிரெப்பில் கிடைத்த மைக்ரோகிராமை வைத்து எண்ணிக்கை சொல்லக் கூடாது. செல் எத்தனை, உடைந்தது எத்தனை, நெடுவரிசையில் தங்கியது எத்தனை என்று ஒவ்வோர் அடியிலும் நழுவும். முழு செல்லின் டிஎன்ஏவை எடுத்து, பிளாஸ்மிட்டில் ஓர் இடத்தையும் குரோமோசோமில் ஓர் இடத்தையும் கியூபிசிஆரில் ஒப்பிடுங்கள். வேகமாக வளரும் செல்லில் குரோமோசோமின் தொடக்கத்துக்குப் பக்கத்தில் உள்ள மரபணுக்கள் முடிவுக்குப் பக்கத்தில் உள்ளவற்றைவிட அதிகப் படிகளில் இருக்கும். ஆகவே எந்த மரபணுவோடு ஒப்பிட்டீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள்.

கடைசியாக, இரட்டைகள். இரண்டு பிளாஸ்மிட் வளையம் மறுசேர்க்கையால் ஒன்றாகி ஒரே பெரிய வளையமாகும்போது, அதில் இரண்டு தொடக்கப் புள்ளி இருக்கும். ஆர்என்ஏ-1 எண்ணுவது மூலக்கூறை அல்ல, தொடக்கப் புள்ளியை. இருபது என்று அது நினைக்கும்போது செல்லில் இருப்பது பத்தே வளையம். செல் பிளக்கும்போது பங்குபோடப்படுவதும் அந்தப் பத்துதான். போதாக்குறைக்கு, இரண்டு தொடக்கம் இருப்பதால் இரட்டை வளையத்துக்கு இரட்டிக்கும் வாய்ப்பும் அதிகம். ஒன்று உண்டானால் அந்தச் செல்லின் வழித்தோன்றல்களில் அதுவே நிறைந்துவிடும், பிளாஸ்மிட்டை இழக்கும் செல்களும் பெருகும். கோல்இ1 இதற்குச் சொந்தமாக ஒரு மருந்து வைத்திருக்கிறது: செர் என்ற இடம். அங்கே செல்லின் மறுசேர்க்கை நொதிகள் வந்து இரட்டையை ஒற்றையாகப் பிரித்துவிடும். 1984இல் சம்மர்ஸும் ஷெராட்டும் கண்டது.

பிபிஆர்322விலும் பியுசியிலும் செர் கிடையாது. ரெக்ஏ இல்லாத டிஎச்5ஆல்ஃபா போன்ற செல்லில் இரட்டை புதிதாக உண்டாவது அரிது, ஆனால் நீங்கள் உள்ளே ஏற்றியதே இரட்டையாக இருந்தால் அது இரட்டையாகவே தொடரும். வெட்டிய டிஎன்ஏ ஜெல்லில் இது தெரியாது. இரண்டும் ஒரே இடத்தில்தான் ஓடும். அடுத்த முறை வெட்டாததையும் பக்கத்துக் குழியில் போட்டு ஓட்டுங்கள்.